மூன்றாம் எண் கூண்டு

பாம்பனில் கூண்டு ஏற்றி இன்றோடு நான்கு நாள்.
படகுகளெல்லாம் கயிற்றில் கிடக்கின்றன.
கடலுக்குப் போகாதவர்கள்
மொத்தமாக என் சாலைக்கு வந்துவிட்டார்கள்.

மண்டபத்தில், மீன் ஏலக்கூடத்துக்குத் திரும்பும் முக்கில்
போன ஆடியில் நட்டார்கள் இந்த சிக்னலை.
அதற்குள் உப்புக்காற்று ஒரு கண்ணைத் தின்றுவிட்டது.
மஞ்சள் எரிவது பகலில் தெரியாது.
பச்சையிலிருந்து நேராகச் சிவப்பில் விழுகிறது ஊர்.
என் பெயர்ப்பட்டையிலும் பாதி உதிர்ந்தாயிற்று.
நம்புச்செல்வியில்
நம்பு மட்டும் மிச்சம்.
வாசித்துவிட்டுச் சிரிப்பார்கள்.
ஒருவரும் நம்பி நின்றதில்லை.

ஊர்க்காவல் படையில் இரண்டே நாள் பயிற்சி.
குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்:
வட்டப் பலகை கட்டளை.
முக்கோணம் எச்சரிக்கை.
நீலச் சதுரம் சும்மா தகவல்,
டீ எங்கே கிடைக்கும் என்பதுபோல.
பச்சைக்குப் பொருள் 'போ' அல்ல, 'பார்த்துப் போ'.
கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பதே நிற்பது.
வெள்ளைப் பட்டையில் கால் வைத்தவர்
கருவாட்டுக் கூடையோடு எத்தனை மெதுவாக நடந்தாலும்
கடந்து முடிக்கும்வரை சாலை அவருடையது.
அடுத்த பக்கத்தில் பால் கணக்கு.

ஏலக்கூடத்து முக்கோணத்தின் மேல்
எவனோ ரீசார்ஜ் நோட்டீஸ் ஒட்டிவிட்டான்.
அதன் அடியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டுபேர்
இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.
கால்கள் மட்டும் தெரிகின்றன.

பதினொரு மணிக்கு இன்னாசி வந்தார், சிவப்பில்.
டிவிஎஸ் ஐம்பது, பின்னால் கிழிந்த வலைக்கட்டு.
கையை நீட்டினேன்.
கோட்டைத் தாண்டி நின்றது முன்சக்கரம்.
"கடலுக்கும் போகல, அப்படி என்னண்ணே அவசரம்?"
"வீட்ல கெடந்து கெடந்து கிறுக்குப் பிடிக்குது தாயி."
"கூண்டுக்கு நிக்கிறீகள்ல? அங்க யாரு கையக் காட்டுனா?"
"கூண்டுக்குப் பின்னால காத்து வரும்.
இந்தச் செவப்புக்குப் பின்னால என்ன வருது, சொல்லு?"

குறிப்பேட்டில் இதற்கு விடை இல்லை.
அபராதச் சீட்டு எழுத எனக்கு அதிகாரமும் இல்லை,
அது அவருக்கும் தெரியும்.
உச்சிப்புளிப் பக்கத்துக்குப் பச்சை விழுந்தது.
ஒரு பஸ்.
ஐஸ் வண்டி, தண்ணீர் சொட்டச் சொட்ட.
சைக்கிளில் மூன்று சிறுமிகள்,
நடுவில் வந்தவள் ஹேண்டிலை விட்டுவிட்டு
ஜடையை முடிந்துகொண்டே போனாள்.
"இந்தா, இதான் வருது" என்றேன்.
பிறகு வாய்க்கு வந்ததைச் சொன்னேன்:
"பங்கு வைக்கிறோம்ணே. கரையில வைக்கிறீகளே, அதேதான்.
இந்த நாப்பது நொடி அவுக பங்கு."

பங்கு பிரிக்கும்போது
ஒரு கணவாய்கூடக் கூடுதலாக எடுத்தவரில்லை இன்னாசி.
அவர் பதில் பேசவில்லை.
காலை ஊன்றி வண்டியைப் பின்னால் தள்ளினார்
ஒரு சாண்.
கோட்டைக் குனிந்து பார்த்தார்.
இன்னும் ஒரு சாண்.

எல்லோரும் இன்னாசி இல்லை.
அவர் தள்ளிய இடைவெளியில்
இன்னொருவன் மூக்கை நுழைத்துக்கொண்டு பறந்தான்.

மதியம் மின்சாரம் போனது.
மூன்று பக்கமும் ஒரே நொடியில்
எல்லோருக்கும் தன் முறைதான் என்று தோன்றிவிட்டது.
நடுவில் நான், தொண்டையில் விசில்,
இரண்டே கைகள்.
திட்டினார்கள், திட்டினேன்.
நாலரைக்கு வெளிச்சம் திரும்பியபோது
என் தோள் என்னுடையதாக இல்லை.

ராத்திரி பத்துக்குமேல் மஞ்சள் மட்டும் மினுக்கும்.
பகலில் செத்துக் கிடந்தது
இருட்டில் சன்னமாகத் தெரிகிறது.
மினுக்கினால் மெதுவாக வா,
இரு பக்கமும் பார்,
பிறகு போ.
ஸ்கூட்டியில் வீடு திரும்பிய நான்
கோட்டுக்கு இந்தப் பக்கம் நிறுத்தினேன்.
இடம் பார்த்தேன், வலம் பார்த்தேன்.
ஒரு வண்டியும் இல்லை.
நாளைக்குக் கூண்டு இறக்குவார்கள் என்று பேச்சு.
வாடைக்காற்று ஒரு பிளாஸ்டிக் பையை இழுத்துக்கொண்டு
வெள்ளைப் பட்டையின் மேலேயே குறுக்கே போனது.
போய் முடியட்டும் என்று நின்றேன்.